லெந்து நாட்களில் வீட்டுப் பள்ளி: வாசகர் கேள்வி – பதில்

பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தரும் பெற்றோர்தான் இம்முறை அதிகம் எழுதியிருக்கிறார்கள். சாம்பல் புதனுக்கும் ஈஸ்டருக்கும் நடுவே உள்ள வாரங்களில் பாடம், ஜெபம், வெயில், சமையல் எல்லாம் ஒன்றோடொன்று முட்டிக்கொள்கின்றன என்பதே கடிதங்களின் சாரம். கத்தோலிக்கர் தவக்காலம் என்றும் சீர்திருத்த சபையார் லெந்து என்றும் சொல்லும் இந்த நாட்களுக்கான பதில்கள் இரு வீட்டாருக்கும் பொருந்தும்.

கேள்வி: மகனுக்கு ஐந்தரை வயது, மகளுக்கு மூன்றரை. ஜூனில் வீட்டுக்கல்வி தொடங்கினோம். கிறிஸ்துமஸ் வரை ஒழுங்காகப் போனது. இப்போது ஒன்பதரைக்குப் பாடத்துக்கு உட்கார்ந்தால் பதினோரு மணிக்குள் மூன்று பேரும் அழுதுவிடுகிறோம். வெள்ளிக்கிழமை ஆராதனை வேறு. நாளை எப்படி அமைத்துக்கொள்வது?
– பாளையங்கோட்டை வாசகி

பதில்: ஒன்பதரைக்குத் தொடங்குவதை முதலில் மாற்றுங்கள். மாசி கடைசியிலிருந்தே பத்து மணிக்குள் மொட்டைமாடித் தளம் சூடேறி, கீழே அறை புழுங்கத் தொடங்கிவிடும். நீங்கள் உட்காரும் நேரமும் பிள்ளையின் தெம்பு இறங்கும் நேரமும் ஒன்றாக இருக்கிறது. ஒன்பதரைக்குப் பாடம் முடிந்திருக்க வேண்டும்.

ஆறரைக்கு எழுப்புங்கள். முகம் கழுவி, பால் குடித்ததும் நேரே வெளியே. முக்கால் மணி நேரம் நடை, செடிக்குத் தண்ணீர், ஓட்டம். மாவடு உதிர்ந்து கிடக்கும், வேம்பு பூக்கத் தொடங்கும், புங்கமரம் தளதளவென்று புதுத் துளிர் விடும் காலம் இது. ஒரு நாளைக்கு ஒரே ஒரு பொருளை வீட்டுக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். அதை மகன் வரையட்டும், அடியில் பெயரும் தேதியும் எழுதட்டும். அறிவியல் பாடம் அதுவே. ஏழரைக்குச் சாப்பாடு. எட்டு மணிக்கு ஜெபம் பத்து நிமிடம். பிறகு தமிழ் 15 நிமிடம், 15 நிமிடம் விளையாட்டு, கணக்கு 15 நிமிடம், மறுபடி இடைவேளை, கடைசியில் நீங்கள் மடியில் வைத்துக் கதை வாசிக்கும் 20 நிமிடம். மொத்தம் உட்காரும் நேரம் ஒரு மணிதான். ஐந்தரை வயதுக்கு அது தாராளம். பள்ளியின் நாற்பது நிமிட வகுப்பு முப்பது பிள்ளைகளை அடக்கி உட்கார வைப்பதையும் சேர்த்துக் கணக்கிட்டது. ஒரே பிள்ளைக்கு அத்தனை நேரம் தேவையில்லை.

மூன்றரை வயது மகளுக்குப் பாடமே வேண்டாம். ஆனால் அண்ணன் படிக்கும்போது அவளுக்கும் கையில் வேலை வேண்டும். இல்லாவிட்டால் பென்சிலைப் பறிப்பாள். சிரட்டை, மரக்கரண்டி, டப்பா மூடிகள், ஒரு கிண்ணத்தில் தண்ணீர், ஒரு ஸ்பஞ்சு போதும். மூக்கில் நுழையும் அளவுள்ள பயறு, கடலை, புளியங்கொட்டை போன்றவற்றைத் தனியாக விட்டுக் கொடுத்துவிடாதீர்கள்.

ஜெபத்தில் பாட்டை முதலில் வையுங்கள். 'வாங்க, உட்காருங்க' என்று அழைத்தால் வராத பிள்ளைகள் பாட்டுச் சத்தம் கேட்டால் வந்து சேர்வார்கள். ஆறு வாரமும் ஒரே கீர்த்தனை. தினம் மாற்றினால் எதுவும் மனதில் நிற்காது. வாசிப்புக்கு மாற்கு சுவிசேஷம் வசதி. இயேசுவின் கடைசி வாரத்தின் நிகழ்ச்சிகள் 11ஆம் அதிகாரத்தில் தொடங்குகின்றன. சிறு பிள்ளைக்குக் கடினமான 13ஐ விட்டுவிட்டால் 11, 12, 14, 15 ஆகிய நான்கு அதிகாரங்களில் 196 வசனங்கள். ஞாயிறு தவிர்த்து லெந்து 40 நாள். நாளுக்கு ஐந்து வசனம் படித்தால் சரியாக முடியும். நடுவே ஓரிரு நாள் விட்டுப்போவது இயல்பு; அப்படி விட்டுப்போனால் சிலுவைப் பகுதி பெரிய வெள்ளிக்கே வந்து நிற்கும். 16ஆம் அதிகாரத்தைத் தொடாமல் ஈஸ்டர் காலைக்கு வையுங்கள்.

வெள்ளி மாலை ஆராதனைக்குப் போய் ஒன்பது மணிக்குத் திரும்பினால் சனிக்கிழமை பாடம் இல்லை என்று முன்பே முடிவு செய்துவிடுங்கள். அன்று பாடத்தைத் துரத்தினால்தான் அழுகை வரும்.

கேள்வி: போன வருடம் ஈஸ்டர் தோட்டம் வைத்தோம். கோதுமை முளைக்கவே இல்லை. முளைத்த கொஞ்சமும் வெள்ளைப் பூஞ்சை பிடித்து நாறியது. பிள்ளைகள் ஏமாந்துபோனார்கள். இந்த வருடம் எப்படிச் செய்யலாம்?
– நாகர்கோவில் வாசகர்

பதில்: கல்லறை, உருட்டிய கல், சிலுவை, சுற்றிலும் பச்சை. ஈஸ்டர் தோட்டத்தில் சின்னப் பிள்ளைகள் தொட்டு அறியும் விஷயம் நிறைய இருக்கிறது. சரியாக வர நாள் கணக்கும் வடிகாலும் முக்கியம்.

முதலில் விதையைச் சோதியுங்கள். இரண்டு வாரம் முன்பே 20 கோதுமை மணிகளை ஈரத்துணியில் மடித்து இரண்டு நாள் வையுங்கள். 15க்குக் குறைவாக முளைத்தால் அந்தக் கோதுமை பழையது; வேறு வாங்குங்கள். எண்ணிப் பார்த்துச் சொல்வது மகனின் வேலை. கோதுமை குளிர் விரும்பும் பயிர். பங்குனி வெயிலில் தடுமாறும் என்பதால் பாதிச் சிரட்டைகளில் கேழ்வரகோ வெந்தயமோ போட்டுவைத்தால் ஒன்று தவறினாலும் இன்னொன்று கைகொடுக்கும். வெந்தயம் இரண்டு மூன்று நாளில் முளைத்துவிடும்.

பாத்திரம், கண்கள் உள்ள பாதிச் சிரட்டை. மூன்று கண்களில் ஒன்று மெல்லியது. ஆணியால் குத்தினாலே திறந்துவிடும். அதுவே வடிகால். உங்கள் பூஞ்சைக்கு முதல் காரணம் பெரும்பாலும் அடியில் துளை இல்லாத தட்டு. தென்னைநார்க் கழிவு போடுவதானால் இரண்டு மூன்று தண்ணீரில் அலசிப் பிழிந்து போடுங்கள். அதில் உப்பு தங்கியிருக்கும், முளை கருகும். செம்மண், நார்க் கழிவு, மக்கிய உரம் மூன்றும் கலந்து நான்கு செ.மீ. ஆழம் போதும்.

ஈஸ்டருக்கு முந்தைய ஞாயிறு குருத்தோலை ஞாயிறு. அதற்கு முந்தைய சனி இரவு கோதுமையை ஊறவையுங்கள், எட்டு மணி நேரம். அதற்கு மேல் ஊறினால் புளித்துவிடும். ஞாயிறு காலை வடித்து, ஈரத்துணியில் கட்டித் தொங்கவிடுங்கள். திங்கள் காலை வெள்ளை முனை எட்டிப் பார்க்கும். சிரட்டைக்கு ஒரு மேசைக்கரண்டி என்ற கணக்கில் மணிகளை மண்ணின் மேல் ஒற்றை அடுக்காகப் பரப்பி, லேசாக அழுத்தி, ஈரத்துணியால் மூடி நிழலில் வையுங்கள். ஒன்றின் மேல் ஒன்றாகக் குவித்தால் அடியில் காற்று நுழையாது. பூஞ்சைக்கு இரண்டாவது காரணம் அது. தண்ணீரை ஊற்றாமல், காலை, மதியம், மாலை தெளிப்பானால் தெளியுங்கள். புதன் மாலை துணியை எடுத்துவிடலாம். வியாழன் வெளிறிய குருத்து நிற்கும், வெள்ளி பச்சை ஏறும், ஞாயிறு காலை ஆறு முதல் எட்டு செ.மீ. புல் இருக்கும்.

செவ்வாய்க்கிழமை வேரைச் சுற்றி வெள்ளைப் பஞ்சு போலத் தெரிந்தால் உடனே தூக்கி எறிந்துவிடாதீர்கள். அது வேர்த்தூவியாக இருக்கலாம். தண்ணீர் தெளித்துப் பாருங்கள்: வேர்த்தூவி வேரோடு ஒட்டி மறைந்துவிடும், பூஞ்சை சிலந்திவலை மாதிரி அப்படியே நிற்கும், வாடையும் வீசும். போன வருடம் பிடித்ததில் ஒரு பகுதி பூஞ்சையே அல்ல என்பதற்கும் வாய்ப்பு உண்டு.

ஒரு சிரட்டையை மட்டும் அட்டைப்பெட்டியின் கீழ் இருட்டிலேயே வையுங்கள். பயிர் உயரமாக, மஞ்சளாக, தள்ளாடி வளரும். வெளிச்சம் இல்லாமல் பச்சையம் உருவாகாது. தென் இத்தாலியில் பெரிய வியாழனன்று தேவாலயத்தில் வைப்பதற்கென்றே இப்படி இருட்டில் வளர்த்த வெளிறிய கோதுமைப் பயிரைக் கொண்டுபோவார்கள். உங்கள் வீட்டில் அதை ஈஸ்டர் காலை வெளிச்சத்துக்கு எடுங்கள். ஓரிரு நாளில் பச்சை பிடிப்பதைப் பிள்ளைகள் பார்க்கட்டும். கோதுமை மணி மண்ணில் விழுந்து செத்தால் மிகுந்த பலன் தரும் என்ற யோவான் 12:24ஐ அதன் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். விளக்கம் எதுவும் சேர்க்க வேண்டாம். பிள்ளை தானே கேட்கும்.

கேள்வி: 'கிறிஸ்துமஸ் மட்டும் ஒரே தேதி, ஈஸ்டர் ஏன் மாறிக்கிட்டே இருக்கு?' என்று ஏழு வயது மகள் கேட்கிறாள். எளிதாக எப்படிச் சொல்வது?
– மதுரை வாசகி

பதில்: நிலாவைக் காட்டிச் சொல்லுங்கள். மார்ச் 21 அன்றோ அதற்குப் பின்னோ வரும் முதல் பௌர்ணமி, அதற்கு அடுத்த ஞாயிறு ஈஸ்டர். ஆகவே மார்ச் 22க்கு முன்னும் ஏப்ரல் 25க்குப் பின்னும் வராது. 2026இல் ஏப்ரல் 5, 2027இல் மார்ச் 28, 2028இல் ஏப்ரல் 16. யூதரின் பஸ்கா பௌர்ணமியை ஒட்டி வருவது. இயேசு மரித்தது பஸ்கா வேளையில். அதனால்தான் நிலாக் கணக்கு. சபை பௌர்ணமியைத் தன் பழைய அட்டவணையால் கணிக்கிறது. வானத்து நிலவோடு சில வருடம் ஒரு நாள் முன்பின்னாகும்.

ஏழு வயதுக்கு இதை விதியாகச் சொன்னால் மறந்துவிடும், செய்ய வைத்தால் நிற்கும். ஒரு சார்ட்டில் 46 வட்டம் வரையுங்கள்: சாம்பல் புதனிலிருந்து சனிக்கிழமை வரை. ஆறு ஞாயிறுகளுக்கு மட்டும் வேறு நிறம். ஞாயிறு உயிர்த்தெழுதலின் நாள், நோன்பில் சேராது. 46இல் 6 போனால் 40. மோசே, எலியா, வனாந்தரத்தில் இயேசு என்று நாற்பது நாள் கதைகளை எல்லாம் இந்த இடத்தில் சொல்லலாம்.

ஒவ்வொரு இரவும் நிலா தெரிந்த அளவுக்கு வட்டத்தை வெள்ளையாக விட்டு, மீதியைக் கறுப்பாக்கட்டும். சாம்பல் புதன் எப்போதும் அமாவாசையை ஒட்டி வரும். அந்த வாரம் மாலை ஏழு மணிக்கு மேற்கே மெல்லிய பிறையைத் தேடுங்கள். முதல் பௌர்ணமி தாண்டியதும் நிலா ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய 50 நிமிடம் தாமதமாக உதிக்கும். பிள்ளை அதற்குள் தூங்கிவிடும், 'நிலா காணோம்' என்பாள், சார்ட் அப்படியே நின்றுபோகும். பெரும்பாலான வீடுகளில் இந்தச் சார்ட் கைவிடப்படுவது இந்தப் பத்து நாளில்தான். அந்த நாட்களில் விடிகாலையில் மேற்கு வானத்தில் பார்க்கச் சொல்லுங்கள். நிலா அங்கே இருக்கும். பிறகு மறுபடி அமாவாசை, பிறை, பரிசுத்த வாரத்துக்குள் இரண்டாவது பௌர்ணமி. இயேசு பிடிபட்ட இரவு கெத்செமனே தோட்டத்தில் நிலவொளி இருந்திருக்கும் என்பது பிள்ளைக்குச் சொல்லாமலே விளங்கிவிடும்.

சற்றுப் பெரிய பிள்ளைகள் இன்னொன்றும் கேட்பார்கள்: சிலுவையில் இயேசு தொங்கியபோது வந்த இருள் சூரிய கிரகணமா? அல்ல. சூரிய கிரகணம் அமாவாசையன்றுதான் நிகழும். பஸ்கா பௌர்ணமிக் காலம்.

கேள்வி: மகனுக்கு ஆறு வயது. எழுத்தெல்லாம் சொல்கிறான். வேதாகமத்தைத் திறந்தால் தடுமாறுகிறான். மனப்பாடமான சங்கீதத்தை மட்டும் கடகடவென்று 'வாசிக்கிறான்'. எங்கே பிழை?
– திருச்சி வாசகி

பதில்: மனப்பாடமான பகுதியை அவன் வாசிக்கவில்லை, ஒப்பிக்கிறான். சோதிப்பது சுலபம். 'கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்' என்பதைச் சொல் சொல்லாக அட்டையில் எழுதி, வெட்டி, கலைத்துப் போடுங்கள். 'மேய்ப்பர்' எது என்று எடுக்கச் சொல்லுங்கள். எடுத்தால் வாசிப்பு வந்துவிட்டது. திணறினால் இன்னும் எழுத்து நிலையில் இருக்கிறான், கவலைப்பட ஒன்றுமில்லை.

பழைய மொழிபெயர்ப்பு வேதாகமம் ஆறு வயதுக்குக் கடினமாக இருக்க மூன்று காரணங்கள். சொற்கள் சந்தி சேர்ந்து நீண்டு நிற்கின்றன. எழுத்து பொடி. முதல் வகுப்புப் பாடநூலில் அதிகம் பழகாத ஜ, ஷ, ஸ, ஹ இங்கே அடிக்கடி வருகின்றன: ஜெபம், ஸ்தோத்திரம், ராஜா. எனவே வேதாகமத்தையே நீட்டாதீர்கள். தினம் ஒரு வாக்கியத்தை இரண்டு செ.மீ. உயர எழுத்தில், சந்தி பிரித்து எழுதித் தாருங்கள்: 'கர்த்தர் – என் – மேய்ப்பராய் – இருக்கிறார்'. இரண்டு வாரம் கழித்துச் சேர்த்து எழுதியதையும் பக்கத்தில் காட்டுங்கள். கிரந்த எழுத்து வாரத்துக்கு ஒன்று போதும். ஜெபத்துக்காக ஜ, ஸ்தோத்திரத்துக்காக ஸ்; சொல்லோடு சேர்த்தே பழகட்டும்.

இன்னொரு தடைக்கல் கொம்பு. 'கெ' என்பதில் கொம்பு முதலில் எழுதப்படுகிறது, ஒலியோ பிறகு வருகிறது. கொம்பைப் பார்த்ததும் பிள்ளை நின்றுவிடும். 'கொம்பைக் கண்டால் அடுத்த எழுத்துக்குத் தாவிவிட்டுத் திரும்பி வா' என்று விரலால் காட்டிப் பழக்குங்கள். 'கொ', 'கோ' போல இருபுறமும் அணைக்கும் எழுத்துகளைக் கடைசியில் வையுங்கள். பக்கத்தில் நிற்கும் ா என்பதை ர என்று படிப்பதும் இந்த வயதில் சகஜம். எ, ஏ ஒலிகளை ஒற்றைக் கொம்பாலும் இரட்டைக் கொம்பாலும் பிரித்துக் காட்டும் இன்றைய முறையைத் தந்தவர், 18ஆம் நூற்றாண்டில் இங்கே வாழ்ந்த வீரமாமுனிவர் என்ற கிறிஸ்தவத் துறவி. பிள்ளை கொம்போடு மல்லுக்கட்டும் நாளில் அவரைப் பற்றிச் சொல்லுங்கள், எழுத்தின் மேல் ஒரு உறவு வரும்.

கேள்வி: நான்கு வயது மகளுக்குப் பெரிய வெள்ளியை எப்படிச் சொல்வது? போன வருடம் ஊரில் பாஸ்கா நாடகத்தில் சாட்டையடி பார்த்து, ஒரு வாரம் இரவில் அலறினாள்.
– தூத்துக்குடி வாசகி

பதில்: நாடகத்துக்கு இன்னும் மூன்று நான்கு வருடம் பொறுங்கள். போயே ஆக வேண்டுமென்றால் குருத்தோலைப் பவனிக் காட்சி வரை இருந்துவிட்டுத் தூங்க வைத்துவிடுங்கள். சிலுவைப்பாதையின் 14 நிலைகளில் நான்கு வயதுக்கு ஐந்து போதும்: சிலுவையைச் சுமப்பது, தாயைச் சந்திப்பது, சீமோன் உதவுவது, இறப்பது, கல்லறையில் வைப்பது.

கதையைச் சொல்லும்போது உயிர்த்தெழுதலையும் அதே இருப்பில் சொல்லி முடியுங்கள். 'மீதி ஞாயிற்றுக்கிழமை' என்று நிறுத்தினால் பெரியவர்களுக்கு அது எதிர்பார்ப்பு. நான்கு வயதுக்கு அது மூன்று நாள் பயம். 'இயேசு தூங்கிட்டார்' என்று சொல்லாதீர்கள். அன்று இரவே தூங்கப் பயப்படும். 'இறந்துட்டார், மூச்சு நின்னுடுச்சு, அப்புறம் கடவுள் அவரை எழுப்பினார்' என்று நேராகச் சொல்லுங்கள். 'நீ பொய் சொன்னதாலதான் இயேசுவுக்கு ஆணி அடிச்சாங்க' என்ற வாக்கியம் நம் வீடுகளில் சாதாரணமாகப் புழங்குகிறது. தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள். தான் ஒருவரைக் கொன்றுவிட்டதாகவே அந்த வயது எடுத்துக்கொள்ளும். 'நம்ம மேல அவ்வளவு பாசம்' என்பதும் உண்மைதான். நான்கு வயதுக்கு அதையே சொல்லுங்கள்.

இந்த வயதுக்கு மிகப் பொருத்தமானது பெரிய வியாழனின் பாதம் கழுவுதல். அகலமான பேசின், வெதுவெதுப்பான தண்ணீர், ஒரு துண்டு. அப்பா தரையில் உட்கார்ந்து கடைசிப் பிள்ளையின் காலை முதலில் கழுவட்டும். பிறகு அவள் பாட்டியின் காலைக் கழுவட்டும். தரை வழுக்கும், பழைய துணியை விரித்துக்கொள்ளுங்கள். யோவான் 13:4, 5 இரண்டே வசனம் படித்தால் போதும்.

மறுநாள் பொம்மையைச் சிலுவையில் வைத்து விளையாடினால் திட்டாதீர்கள். புரியாததைப் பிள்ளை கையால் திருப்பிப் பார்க்கிறது. அந்த விளையாட்டில் பொம்மை எழுந்திருக்கிறதா என்று மட்டும் கவனியுங்கள். எழுந்திருக்கவில்லையென்றால் கதையின் முடிவு அவளைச் சென்றடையவில்லை. மறுபடி சொல்லுங்கள்.

கேள்வி: வீட்டில் படிக்க வைப்பது சட்டப்படி குற்றமா? மாமனார் தினமும் கேட்கிறார். மகனுக்கு ஆறு வயது ஆகப்போகிறது. பின்னால் பள்ளியில் சேர்க்க முடியுமா?
– கோவை வாசகர்

பதில்: இலவச, கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009, 6 முதல் 14 வயதுப் பிள்ளைகளுக்கானது, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 10ஆம் பிரிவு, பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது. சேர்க்காத பெற்றோருக்குத் தண்டனை எதையும் அந்தச் சட்டம் வகுக்கவில்லை. வீட்டுக்கல்விக்குத் தனி அனுமதி முறையும் அதில் இல்லை. இதை உங்கள் மாமனாரிடம் மறைக்காமல் அப்படியே சொல்லுங்கள். அவர் கேட்பது பேரன் மேல் உள்ள அக்கறையால்.

பின்னால் சேர்ப்பதற்கு வழி இருக்கிறது. பள்ளிக்கே போகாத பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும் என்று 4ஆம் பிரிவு சொல்கிறது. தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் அடிப்படைக் கல்வித் திட்டத்தில் ஏ, பி, சி என்று மூன்று நிலைகள். முறையே 3, 5, 8ஆம் வகுப்புக்கு இணை. அதே நிறுவனத்தில் பத்தாம் வகுப்புக்குச் சேர 14 வயது நிறைந்திருக்க வேண்டும்.

இப்போதே செய்ய வேண்டியது கோப்பு. பிறப்புச் சான்றிதழ், ஆதார், தடுப்பூசி அட்டை முதலில். ஞானஸ்நானச் சான்றிதழ் சபைக்கு. பள்ளிக்குப் பிறப்புச் சான்றிதழே கேட்பார்கள். பிறகு மாதம் ஒரு கையெழுத்துப் பக்கம், ஒரு கணக்குப் பக்கம், ஒரு படம், மூன்றிலும் தேதி. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அந்தந்த வகுப்பின் தமிழும் கணக்கும் வருடக் கடைசியில் பிள்ளைக்கு வருகிறதா என்று பங்குனியில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். தமிழில் எதை வேண்டுமானாலும் பிறகு சரிக்கட்டிவிடலாம். கணக்கில் ஒரு படி விட்டுப்போனால் அடுத்த படி ஏறாது.

மாமனாருக்கும் ஒரு பாடம் கொடுங்கள். கீர்த்தனைகளோ, வாய்ப்பாடோ, எது அவருக்கு நன்றாக வருமோ அது. வாரம் மூன்று நாள், பதினைந்து நிமிடம். பேரன் கற்பதைக் கண்ணால் பார்ப்பவர் கேட்கும் கேள்வி மாறிவிடும்.

கேள்வி: லெந்தில் வீட்டில் கறி, மீன் இல்லை. பிள்ளைகளும் நோன்பு இருக்க வேண்டுமா?
– வேளாங்கண்ணி வாசகி

பதில்: வேண்டாம். கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத்தில் இறைச்சி தவிர்ப்பது 14 வயது நிறைந்தவர்களுக்கு. நோன்பு 18 நிறைந்தது முதல் 59 வரை. வீட்டுச் சமையல் சைவம் என்றால் பிள்ளைகளுக்குத் தினமும் பருப்பு, சுண்டல், தயிர், முட்டை இருக்கட்டும். பிள்ளையின் ஒறுத்தல் சாப்பாட்டில் இருக்க வேண்டியதில்லை. தின்பண்டக் காசை உண்டியலில் போட்டு, ஈஸ்டருக்கு முன் யாருக்குக் கொடுப்பது என்று அவர்களே முடிவு செய்யட்டும்.

கேள்வி: டொரண்டோவில் இருக்கிறோம். ஈஸ்டர் நேரத்தில் இங்கே சில வருடம் பனியே உருகியிருக்காது. தோட்டம், ஓலை எதுவும் முடியாதா?
– கனடா வாசகி

பதில்: தோட்டத்தைச் சன்னல் ஓரத்தில் வையுங்கள். கோதுமைக்கு உங்கள் வீட்டுச் சூடு நாகர்கோவில் வெயிலைவிட மிகவும் உகந்தது. பூஞ்சைத் தொல்லை குறையும், ஆனால் மெதுவாக வளரும். குருத்தோலை ஞாயிற்றுக்கு நான்கைந்து நாள் முன்பே ஊறவையுங்கள். வெளிநடைக்கு அந்த ஊரின் வசந்தத்தையே எடுத்துக்கொள்ளுங்கள்: மேப்பிள் மரத்தில் சாறு இறங்குவது, ராபின் திரும்பி வருவது. தமிழ்ப் பாடப்புத்தகத்து மாவடுவைக் காட்டி ஏங்க வைக்க வேண்டாம். ஒண்டாரியோவில் வீட்டுக்கல்வி தரும் பெற்றோர் ஒவ்வொரு ஆண்டும் செப்டம்பர் 1க்குள் தங்கள் பள்ளி வாரியத்துக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும், அதை மறக்காதீர்கள்.

கேள்வி: ஈஸ்டர் முட்டைக்குக் கடைச் சாயம் வேண்டாம் என்று பார்க்கிறோம். வீட்டுப் பொருளில் நிறம் ஏறுமா?
– சென்னை வாசகி

பதில்: ஏறும். வெள்ளை முட்டை வேண்டும். நாட்டுக்கோழி முட்டையின் பழுப்பு ஓட்டில் நிறம் தெரியாது. அழுத்தி இரண்டு கைப்பிடி வெங்காயச் சருகை ஒரு லிட்டர் தண்ணீரில் 20 நிமிடம் கொதிக்கவிட்டு வடிகட்டி, ஆறியதும் இரண்டு மேசைக்கரண்டி வினிகர் சேருங்கள். ஆரஞ்சிலிருந்து செங்கல் நிறம் வரை வரும். மஞ்சள்தூள் இரண்டு மேசைக்கரண்டி போட்டால் நல்ல மஞ்சள். ஊதா முட்டைக்கோஸ் நீலம் தரும். பிள்ளைகளுக்கு அதுதான் ஆச்சரியம். பீட்ரூட் தண்ணீரில் பளிச்சென்று இருக்கும், முட்டை காய்ந்ததும் மங்கிவிடும். அதை நம்ப வேண்டாம்.

முட்டையைத் தனியே, பச்சைத் தண்ணீரில் போட்டு அடுப்பில் வைத்து, கொதி வந்தபின் பத்து நிமிடம் வேகவையுங்கள். கொதிக்கும் நீரில் போட்டால் வெடிக்கும். சாயத்தில் அரை மணி முதல் இரண்டு மணி நேரம். வினிகர் ஓட்டின் சுண்ணாம்பை லேசாக அரித்து நிறத்தைப் பிடிக்க வைக்கிறது. அளவு கூடினால் குமிழி விட்டுத் திட்டுத்திட்டாகும். கொத்தமல்லி இலையை ஓட்டில் ஒட்டி, மல்துணியில் இறுகக் கட்டி முக்கினால் இலையின் வடிவம் வெள்ளையாகப் பதியும். நம் ஏப்ரல் வெயிலில் அவித்த முட்டையை ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்காதீர்கள். ஒளித்துவைத்துத் தேடும் விளையாட்டுக்குக் காகித முட்டை, சாப்பிடுவதற்குக் குளிர்பெட்டி முட்டை.

கேள்வி: குருத்தோலைச் சிலுவை செய்தால் பிள்ளைகள் கையில் ஓலை கிழிந்துவிடுகிறது. சுலப வழி உண்டா?
– மார்த்தாண்டம் வாசகர்

பதில்: ஓலை காய்ந்திருப்பதால் கிழிகிறது. சனிக்கிழமை வாங்கியதும் ஈரத்துணியில் சுற்றி நிழலில் வையுங்கள், மடிக்கும் முன் பத்து நிமிடம் தண்ணீரில் போடுங்கள். நடு ஈர்க்கை நீங்களே உருவி எடுத்துவிடுங்கள். அதன் முனை விரலில் ஏறும். பெரியவர்கள் ஒரே ஓலையில் மடிக்கும் சிலுவை ஆறு வயதுக்குக் கீழ் வராது. ஒரு செ.மீ. அகலத்தில் 20 செ.மீ. ஒன்று, 12 செ.மீ. ஒன்று வெட்டித் தாருங்கள். நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு மேலே இருக்குமாறு குறுக்கே வைத்து, மெல்லிய ஓலை நாரால் மூலைக்கு மூலை, இரு திசையிலும் இரண்டிரண்டு சுற்றுச் சுற்றி, பின்பக்கம் முடிச்சுப் போட வேண்டும். பிள்ளை சுற்றட்டும், முடிச்சை நீங்கள் போடுங்கள். உலரும்போது நார் சுருங்கி முடிச்சு தளரும், அதனால் ஈரமாக இருக்கையிலேயே இறுக்கிவிடுங்கள். ஆலயத்தில் தந்த ஓலையைக் குப்பையில் போடாமல் எடுத்துவையுங்கள். பழைய ஓலைகளை எரித்து அடுத்த சாம்பல் புதனுக்குச் சாம்பல் எடுக்கும் ஆலயங்களில் சில வாரம் முன்பே கேட்டு வாங்குவார்கள். கொண்டுபோய்க் கொடுப்பதைப் பிள்ளையிடமே விடுங்கள்.